பசிபிக் ரிம்: இரண்டு வள்ளுவர் உயர இரும்பு

கன்னியாகுமரிப் பாறையில் நிற்கும் வள்ளுவர் சிலை, பீடத்தோடு சேர்த்து 133 அடி. ‘பசிபிக் ரிம்’ படத்தில் வரும் ஜிப்ஸி டேஞ்சர் என்ற இயந்திரம் 260 அடி. ஏறக்குறைய இரண்டு வள்ளுவர். சிலையின் காலடியில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும். ஆனால் 260 அடி என்று வசனத்தில் சொல்வது எளிது, திரையில் அப்படித் தெரியவைப்பதுதான் கஷ்டம். பெரும்பாலான பூதப் படங்கள் சறுக்குவது இங்கேதான். இந்தப் படம் சறுக்கவில்லை.

2013 ஜூலையில் வந்த படம், இயக்கம் கில்லெர்மோ டெல் டோரோ. பசிபிக் கடலடியில் ஒரு பிளவு. அதன் வழியே கைஜு எனப்படும் ராட்சத மிருகங்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்து ஊர்களை நொறுக்குகின்றன. அவற்றோடு மோத மனிதர்கள் யேகர் என்ற மனித வடிவ ராட்சத இயந்திரங்களைக் கட்டுகிறார்கள். ஒன்றை ஓட்டும் சுமையை ஒரு மூளை தாங்காது என்பதால் இரண்டு பேர் நினைவுகளை இணைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். கதை அவ்வளவுதான். அடுத்து என்ன நடக்கும் என்பதைப் பாதிப் படத்திலேயே யாரும் சொல்லிவிடலாம்.

காசு கொடுத்துப் பார்க்க வைப்பது அந்த உடல்களின் எடை. ஆறடி உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட அரை நொடிக்குச் சற்று அதிகம் ஆகும். 260 அடியிலிருந்து விழுந்தால் நான்கு நொடி. அதனால்தான் பெரிய உடல் எதுவும் தூரத்திலிருந்து பார்க்க மெதுவாக அசைவதாகத் தெரிகிறது. 1954இல் இஷிரோ ஹோண்டா முதல் காட்ஸில்லாவை எடுத்தபோது, ரப்பர் உடைக்குள் ஆளை இறக்கி, 25இல் ஒரு பங்கு அளவில் கட்டிய டோக்கியோ நகரத்தை மிதிக்க வைத்தார்கள். இப்படிப்பட்ட காட்சிகளைக் கேமராவை வேகமாக ஓட்டிப் பிடித்து, வழக்கமான வேகத்தில் திரையிடுவார்கள். அப்போது அசைவு மெதுவாகி, உடல் பெரிதாகத் தெரியும். கணக்கு என்னவென்றால், 25இல் ஒரு பங்கு மாதிரிக்கு 25இன் வர்க்கமூலம், அதாவது ஐந்து மடங்கு வேகம். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் வந்தபின் இந்தக் கட்டாயம் போய்விட்டது. கையை எந்த வேகத்திலும் வீச வைக்கலாம். வினையும் அங்கேதான் ஆரம்பம்.

ஜிப்ஸி ஒரு குத்து விடும்போது பாருங்கள். முதலில் இடுப்பு திரும்புகிறது, பிறகு தோள், அதன்பிறகே கை கிளம்புகிறது. குத்து வேகமாகப் போயாக வேண்டிய இடத்தில் முழங்கையில் ராக்கெட் வைத்திருக்கிறார்கள். அந்த வேகத்துக்கு ஒரு காரணம் காட்ட வேண்டும் என்று யோசித்த மூளைக்கு ஒரு சபாஷ். சண்டைகள் பெரும்பாலும் மழையிலும் கடலிலும் நடப்பதும் சும்மா இல்லை. தோளிலிருந்து வடியும் தண்ணீர் கீழே வந்து சேர எடுக்கும் நேரம்தான் நம் கண்ணுக்கு அளவுகோல். 2018இல் வந்த இரண்டாம் பாகத்தைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பட்டப்பகலில் அதே மாதிரி இயந்திரங்கள் ஓடுகின்றன, துள்ளுகின்றன, பொம்மையாகிவிடுகின்றன. அதைத் தவிர்த்துவிடலாம்.

படச் சட்டத்தின் அகல-உயர விகிதமும் யோசித்து எடுத்த முடிவு. ஆக்‌ஷன் படங்கள் பலவும் அகலமான 2.39:1 வடிவில் வரும். இது 1.85:1. அகலத்தைக் குறைத்து உயரத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். வீட்டு டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை ஏறக்குறைய இருக்காது என்பது உபரி லாபம்.

தொடக்கத்திலேயே ஒரு கடல் காட்சி வருகிறது. அலாஸ்கா பக்கம் புயலில் ஒரு மீன்பிடிப் படகு, ஒரு பக்கம் மிருகம், இன்னொரு பக்கம் இயந்திரம். படகை விட்டுவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு, ஓட்டுபவர்களுக்கு மனம் வரவில்லை. குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளைக் கடற்கரை ஆட்களுக்கு இந்தக் காட்சி மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். ஹாங்காங் சண்டைதான் படத்தின் உச்சம். சரக்குக் கப்பலைத் தடி மாதிரி இழுத்துக்கொண்டு ஜிப்ஸி தெருவில் நடந்து வரும் இடத்துக்கு மட்டுமே டிக்கெட் காசு தகும். அதே சண்டையில் ஜிப்ஸியின் முஷ்டி ஓர் அலுவலகக் கட்டடத்துக்குள் புகுந்து, கடைசியில் ஒரு மேசையை லேசாகத் தொட்டு நிற்கும். மேசைமேல் கம்பியில் தொங்கும் இரும்புக் குண்டுகள் டிக் டிக்கென்று ஆடத் தொடங்கும். அளவைக் காட்ட இதைவிடக் குறும்பான வழி இல்லை.

குறைகள் உண்டு. நாயகன் சார்லி ஹன்னம் மரம் மாதிரி நிற்கிறார். ரின்கோ கிகுச்சியும் இட்ரிஸ் எல்பாவும்தான் மனிதப் பகுதியைத் தூக்கி நிறுத்துகிறார்கள். இரண்டு விஞ்ஞானிகளின் கத்தல் காமெடி காதைக் குடைகிறது. ரஷ்ய, சீன யேகர்களை அவ்வளவு அழகாக வடிவமைத்துவிட்டு ஒரே சண்டையில் முடித்துக்கட்டியது அநியாயம். கடலடியில் நடக்கும் கடைசிச் சண்டை கலங்கல், ஹாங்காங்குக்குப் பக்கத்தில்கூட வராது.

வீட்டில் பார்ப்பவர்கள் முதலில் டிவியின் மோஷன் ஸ்மூத்திங்கை அணைக்க வேண்டும். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்ற பெயரில் இருக்கும். அது இடையில் இல்லாத பிரேம்களைச் செருகி அசைவை வழவழப்பாக்கும். அந்த நிமிடமே எடை போய் டிவி சீரியல் தோற்றம் வந்துவிடும். இந்தச் செருகலை அணைத்துவிடும் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போடுங்கள். படம் பெரும்பாலும் இரவுக் காட்சி என்பதால் அறை விளக்கையும் அணைக்க வேண்டும். சத்தத்தில் பாதி நெஞ்சை அதிரவைக்கும் தாழ்ந்த சத்தம், டிவி ஸ்பீக்கரில் அது வராது. சப்வூஃபர் இல்லையென்றால் நல்ல ஹெட்போன். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் நைட் மோட் வேண்டாம், காலடிச் சத்தமும் கதவுச் சத்தமும் ஒன்றாகிவிடும்.

இனி வரும் பூதப் படங்களைத் தியேட்டரில் பார்க்க, தமிழக-கேரள எல்லைக்காரர்களுக்கு இரண்டு வழி. தமிழ் டப்பிங் வேண்டுமென்றால் மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம்தான் பார்க்க வேண்டும். கேரளத் தியேட்டர்களில் பெரும்பாலும் ஆங்கிலம்தான் ஓடும். பெரிய திரை வேண்டுமென்றால் திருவனந்தபுரம் லுலு மால் ஐமேக்ஸ். களியக்காவிளை, பாறசாலை ஆட்கள் காரோடு பைபாஸைப் பிடித்தால் நகர நெரிசலுக்குள் போக வேண்டியதில்லை. ஐமேக்ஸில் பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வரிசைகளில் நடு இருக்கை எடுங்கள். முன்னால் உட்கார்ந்தால் தலை தெரியும்போது கால் தெரியாது. அங்கேயே நாற்காலி ஆடும் 4டிஎக்ஸும் உண்டு. கார் துரத்தலுக்கு அது சரி. ராட்சத உடல் நிதானமாகத் திரும்பும் காட்சியில் நாற்காலி குலுங்கினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்துவிட வேண்டாம். நடிகர் ரான் பெர்ல்மன் வரும் ஒரு குட்டிக் காட்சி நடுவில் இருக்கிறது. பின்னணியில் ரமின் ஜவாதியின் இசை, கிட்டார் டாம் மொரெல்லோ.