ஜாவா ‘வார்’: ஆறு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

ஜாவா ப்ரோகிராமிங் மொழியோட 10-வது வெர்ஷன்ல, 2018 மார்ச்ல வந்தது இந்த வார் (var), வேரியபிளுக்கு முன்னாடி டைப் பேருக்குப் பதிலா போடுற வார்த்தை. எங்க டீம் 8-லயே கிடந்துட்டு நேரா 11-க்கு தாவினப்பதான் எங்க கைக்கு வந்துச்சு. டைப்பை, அதாவது உள்ள இருக்கறது நம்பரா எழுத்தாங்கறத, நாம எழுத வேணாம், வலதுபக்கம் இருக்கறத பாத்து கம்பைலரே முடிவு பண்ணிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் வார் மாதிரின்னு பயப்படுறவங்க இன்னும் இருக்காங்க, அது வேற இது வேற, இங்க ஒரு தடவை ஸ்ட்ரிங்னு (எழுத்துன்னு) ஆயிட்டா கடைசி வரைக்கும் ஸ்ட்ரிங்தான், அதுல நம்பர் போட்டா கம்பைலே ஆகாது.

எனக்கு ரொம்ப புடிச்சது ஃபார் லூப்லதான். மேப்புக்குள்ள லிஸ்ட், அதுக்குள்ள இன்னொரு மேப்னு இருந்தா முன்னாடி டைப்பே முக்கா லைன அடைச்சுக்கும், வேரியபிள் பேரைத் தேடணும். இப்போ வார் என்ட்ரி, அவ்ளோதான். நியூ போடுற இடமும் அப்படித்தான், வலதுபக்கமே கிளாஸ் பேரு இருக்கு, இடதுபக்கம் இன்னொரு தடவை எதுக்கு?

ஆனா நம்பர் விஷயத்துல உஷாரா இருங்க. ஒரு பழைய பில்லிங் கோட மாத்தி எழுதும்போது ‘வார் டோட்டல் = 0’ன்னு ஆரம்பிச்சு, லூப்ல ஒவ்வொரு ஐட்டத்தோட விலையையும் பிளஸ் ஈக்வல் (+=) போட்டு கூட்டினேன். விலை எல்லாம் டபுள் (புள்ளி வச்ச நம்பர்), ஆனா வெறும் 0 எழுதினதால டோட்டல் இன்ட் (முழு நம்பர்) ஆயிடுச்சு, பிளஸ் ஈக்வல்ல ஜாவா சத்தமே இல்லாம பைசாவ வெட்டிடும், எரரும் கிடையாது. 12.75 மூணு தடவை கூட்டினா 38.25 வரணும், வந்தது 36. பணத்துக்கு பிக்டெசிமல்தான் (புள்ளி வச்ச நம்பரை துல்லியமா வச்சுக்கற டைப்) போடணும், அது சரி, இன்ட்னு கையால எழுதியிருந்தாலும் இதே தப்பு வந்திருக்கும், அதுவும் சரி. ஆனா இன்ட்ங்கற வார்த்தை அந்த லைன்ல கண்ணுக்கு முன்னாடி இருந்திருந்தா ரிவ்யூ பண்றவர் புடிச்சிருப்பார்.

லிஸ்ட்லயும் ஒண்ணு இருக்கு, வார் போட்டு வலதுபக்கம் அர்ரேலிஸ்ட்டுக்கு காலி <> பிராக்கெட் வச்சா அது ஆப்ஜெக்ட் லிஸ்ட்டா, அதாவது எதை வேணா போடக்கூடிய லிஸ்ட்டா ஆயிடும்.

மெத்தட் ரிட்டர்ன் பண்றத வாங்கும்போது நான் டைப்பை எழுதிடுவேன். கோட் எழுதுற இன்டெலிஜே எடிட்டர்ல பக்கத்துலயே டைப் காட்டும்தான், ஆனா புல் ரிக்வெஸ்ட்ட (ரிவ்யூக்கு அனுப்புற கோட் மாற்றத்த) பிரவுசர்ல திறந்து படிக்கறவருக்கு அது தெரியாது, ‘வார் ரிசல்ட்’னு இருந்தா அவர் இன்னொரு ஃபைல தொறந்து பாக்கணும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். கிளாஸ் ஃபீல்டுலயும் மெத்தட் பாராமீட்டர்லயும் வார் போட விடமாட்டேங்குதுன்னு குறை சொல்றாங்க, எனக்கு அது குறையா படல, அந்த ரெண்டு இடமும் அடுத்தவங்க படிக்கற இடம்.