பழைய ஹைஏஸும் முன்பக்க ரப்பர் புஷ்ஷும்

என் பழைய டொயோட்டா ஹைஏஸ் வேனில் முன்பக்க லோவர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் கீழ் இரும்புக் கை) புஷ்களை, அதாவது அந்தக் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர்களை, மறுபடியும் மாற்றியாயிற்று. மறுபடியும் என்பதுதான் எரிச்சல். போன வருடம்தான் வேறொரு பட்டறையில் புஷ், பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்ப உதவும் குண்டு மூட்டு), அப்சார்பர் (அதிர்வைத் தாங்குவது) எல்லாம் மாற்றினேன். நியாயமாகச் சொன்னால், அவர்கள் போட்ட பால் ஜாயிண்டும் அப்சார்பரும் இன்றும் கல்லு மாதிரி இருக்கின்றன. புஷ் மட்டும் ஏன் போனது?

கழற்றியதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ரப்பர் ஒரே பக்கமாக இழுபட்டுக் கிழிந்திருந்தது. நடுவில் இருக்கும் இரும்புக் குழாய் விரலால் தள்ளினாலே சுற்றியது. ரப்பர் மேல் குற்றமில்லை, போல்ட்டை முடுக்கிய விதம்தான் தப்பு. ஜேக்கில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ஆர்ம் கீழே இறங்கி நிற்கும். அப்போதே இறுக்கிவிட்டால் ரப்பர் அந்த நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது. வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே எழும்ப, ரப்பர் முறுக்கிக்கொள்ளும். சும்மா நிற்கும்போதுகூட அந்த முறுக்கு விடாது. போல்ட்டை லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கிவிட்டு, அப்புறம் அடியில் படுத்து இறுக்க வேண்டும். இதற்குச் சோம்பல்பட்டு ஒருவர் காசையும் நேரத்தையும் பாழாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

பினாங்கு பட்டர்வொர்த்தில் கேட்டரிங் செய்யும் தம்பி ஒருவர் இதே மாடலைப் பார்த்துவிட்டு, "எடுக்கலாமா அண்ணே?" என்று கேட்டிருக்கிறார். அவருக்காக: முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால் டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) பக்கம் பாருங்கள். டயரின் உள்விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். முன்னால் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் டோர்ஷன் பார் (முறுக்கி எடையைத் தாங்கும் இரும்புக் கம்பி) என்பதால், கழற்றுமுன் பெயிண்டால் அடையாளம் வைக்க வேண்டும். உயரம் மாறினால் அலாய்ன்மென்டும் (சக்கரம் நிற்கும் கோணம்) மாறிவிடும். சொந்த வேனுக்கு வணிக லைசன்ஸ் வேன் மாதிரி ஆறு மாதப் பரிசோதனை கிடையாது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பினாங்குத் தீவின் துன் சார்டோன் மலைச்சாலையில் பாலிக் புலாவுக்கு அண்டா குண்டானோடு இறங்குகிறேன். வளைவில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கிறது, கீழே ஒரு சத்தமில்லை. 2004இல் அடுத்த மாடல் வந்த பிறகும் இதை மாற்ற எனக்கு மனம் வந்ததில்லை.

ஆனாலும் இப்போதைக்கு வேண்டாம் தம்பி. வண்டியைத் தரையில் இறக்கி முடுக்கும் மெக்கானிக்கை முதலில் பிடியுங்கள், அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.