காரைத் தாழ்த்தித் தருகிறோம் என்பவர்களிடம் பழைய ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்குங்கள்

கோவையில், கார்களை மாற்றியமைப்பதையே தொழிலாகக் கொண்ட ஓர் ஒர்க்‌ஷாப்பில், என் ஸ்விஃப்ட் காரின் உயரத்தை 30 மில்லிமீட்டர் குறைத்துத் தர ஒப்புக்கொண்டார்கள். அதற்கென்று தயாரான குட்டை ஸ்பிரிங்குகளையும் அவற்றுக்கு ஒத்துப்போகும் ஷாக் அப்சார்பர்களையும் பொருத்துவதாகச் சொல்லி, பில்லிலும் அப்படியே எழுதி, முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டார்கள். உண்மையில் செய்திருந்ததோ, காரோடு வந்த ஸ்பிரிங்குகளையே கிரைண்டரால் அறுத்து, ஒரு சுற்றைக் கழித்துவிட்டு, மீண்டும் மாட்டிய வேலை. ஷாக் அப்சார்பர்களை அவர்கள் தொடவே இல்லை.

பார்வைக்கு வண்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேகத்தடைகளில் முன்பக்கம் இடித்தது. நாளடைவில் முன் டயர்களின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்ந்தது. வேறொரு மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கியபோது, சக்கரம் தொங்கியதும் பின் ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகி, கையால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அறுத்த முனையில் கிரைண்டர் தழும்பு தெரிந்தது. தொழிற்சாலையில் அடையாளத்துக்காகப் பூசிய வண்ணக் கோடும் கம்பியில் அழியாமல் இருந்தது.

கார் 30 மில்லிமீட்டர் தாழ்ந்தால், பள்ளத்திலோ மேட்டிலோ சக்கரம் மேலேறுவதற்கு உள்ள இடமும் அதே அளவு குறைகிறது. சுற்று குறைந்த ஸ்பிரிங் முன்னைவிட விறைப்பாகிவிடும். அதை அடக்கும் ஷாக் அப்சார்பரோ பழைய விறைப்புக்கு அளவிடப்பட்டது. வளைவில் சாயும்போது, சக்கரம் எல்லை மீறி மேலேறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் சட்டென்று முட்டினால் அந்தச் சக்கரத்தின் பிடி திடீரென்று குறையும். தாழ்த்தினால் வண்டி சாயாது என்ற பேச்சும் பாதி உண்மைதான். ஸ்விஃப்டின் முன்பக்கம் போன்ற, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் மெக்ஃபர்சன் அமைப்பில், சக்கரத்தை உடலோடு இணைக்கும் கீழ்க்கை கிடைமட்டத்தைத் தாண்டி சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சரிந்துவிட்டால், ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாயும் மையம் அதிகமாக இறங்கிவிடும்; இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால் வண்டியைச் சாய்க்கும் விசையும் கூடும்.

காற்றுத் தடை குறைந்து மைலேஜ் கூடும் என்றும் சொன்னார்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவது. 80 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குதான் 40இல் இருக்கும். அவிநாசி சாலை நெரிசலில் நகரும் காருக்கு இதனால் என்ன லாபம்? சட்டச் சிக்கல் வராது என்றதும் வெறும் வாய்வார்த்தையே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டியவர் வண்டியின் உரிமையாளர்.

இந்த வேலையைக் கொடுப்பவர்கள், கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளைத் திருப்பித் தருவதாக முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். புதியவை பொருத்தப்பட்டிருந்தால் பழையவை முழுதாக உங்கள் கைக்கு வரும். பொருத்தியதும் காரை ஜாக்கியில் தூக்கச் சொல்லி, ஸ்பிரிங் இருக்கையில் இறுக்கமாக நிற்கிறதா என்று பாருங்கள். சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்ததைக் காட்டும் அலைன்மென்ட் அச்சுத்தாளையும் கேட்டுப் பெறுங்கள்; முகப்பு விளக்கின் கோணத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அறுத்தாலும் புதிது போட்டாலும் உயரம் ஒன்றுதானே என்று அந்த ஒர்க்‌ஷாப்பில் பதில் சொன்னார்கள். பில்லையும் அறுத்த முனைகளின் படங்களையும் இணைத்து, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறேன்.