ஆக்சுவரியல் தேர்வு விலக்கு: கொடுத்த பணத்துக்குத் தகுமா?

பிரிட்டனில் ஆக்சுவரியல் (காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் நிதி இடர்களைக் கணக்கிடும் துறை) முதுநிலைப் பட்டம் படிக்கக் கிளம்பும் நம் மாணவர்களிடம் காரணம் கேட்டால், பட்டத்தைக் காட்டிலும் 'எக்ஸம்ப்ஷன் கிடைக்கும்', அதாவது தொழில்முறைத் தேர்வின் சில தாள்களை எழுதாமலே விலக்குப் பெறலாம் என்பதையே முதலில் சொல்வார்கள். நானும் அதற்காகவே சேர்ந்தவன் என்பதால், பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசாமல், அந்த விலக்கை மட்டும் ஒரு சேவையாகக் கருதி இங்கே மதிப்பிடுகிறேன்.

லண்டனின் பழைய ஆக்சுவரிகள் சங்கமும் எடின்பரோவின் பழைய சங்கமும் 2010இல் இணைந்து உருவான ஐஎஃப்ஓஏ (IFoA) என்னும் தொழில்முறைச் சங்கம், தன் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களில் உரிய பாடங்களைத் தேவையான தரத்தில் முடித்தவர்களுக்கு சிஎஸ்1 (CS1, புள்ளியியல்), சிஎம்1 (CM1, ஆக்சுவரியல் கணிதம்), சிபி1 (CB1, வணிக நிதி) போன்ற அடிப்படைத் தாள்களிலிருந்து விலக்கு அளிக்கிறது. பட்டத்துக்கான தேர்ச்சி மதிப்பெண் விலக்குக்குப் போதாது; அதற்கான கோடு அதைவிட உயரத்தில் இருக்கிறது. அந்தக் கோடு சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்கச் சங்கத்தின் சார்பில் வெளியிலிருந்து ஒரு தேர்வாளரும் இருக்கிறார்.

வேலை பார்த்துக்கொண்டே, இரவில் கண்விழித்துப் படித்து ஒவ்வொரு தாளாக எழுதுபவர்கள் இதைக் கொல்லைப்புற வழி என்கிறார்கள். அவர்களுடைய எரிச்சல் புரிகிறது. பாடம் நடத்தியவரே வினாத்தாளையும் எழுதும்போது, எந்தப் பகுதி வரும் என்பதை வகுப்பிலேயே ஓரளவு மோப்பம் பிடித்துவிடலாம் என்பதை நான் மறுக்கமாட்டேன். கணினியில் செய்ய வேண்டிய பகுதியில் இந்த வேறுபாடு இன்னும் கூடுதல்: சங்கத்தின் தேர்வில் ஆர் (R) என்னும் புள்ளியியல் நிரல்மொழியையோ எக்செல்லையோ வைத்துக் கடிகாரத்தோடு போட்டியிட வேண்டும், எங்களுக்கோ அதில் ஒரு பங்கு, வாரக்கணக்கில் அவகாசம் உள்ள ஒப்படைப்பாக வந்தது. ஆனால், 2020க்குப் பிறகு சில ஆண்டுகள் சங்கத்தின் தேர்வையே வீட்டிலிருந்து புத்தகத்தைப் புரட்டியபடி எழுத முடிந்தது என்பதைக் குறை சொல்பவர்கள் ஏனோ நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. நேரடியாக எழுதுபவர் தோற்றால், ஏப்ரலில் விட்டதைச் செப்டம்பரில் பிடிக்கலாம். எத்தனை முறை எழுதினார் என்று பின்னர் யாரும் கேட்பதில்லை. நான் படித்த இடத்திலோ மறுதேர்வு பட்டத்துக்கு மட்டுமே செல்லும், விலக்குக்குச் செல்லாது. சிஎம்2 தாளுக்கு இரண்டு பாடங்களின் சராசரி பார்க்கப்பட்டது; அதில் இரண்டு மதிப்பெண் குறைந்ததால், ஓராண்டு முழுவதும் படித்த அதே பாடத்துக்கு மீண்டும் கட்டணம் கட்டிச் சங்கத்தின் தேர்வை எழுதினேன். கிடைத்த மற்ற விலக்குகளுக்கும் சங்கத்துக்குத் தனியாகப் பணம் செலுத்த வேண்டியிருந்தது என்பதைச் சேர்க்கைக் கையேடு பெரிய எழுத்தில் சொல்லவில்லை. எனவே, இது சோம்பேறிகளுக்குக் கிடைத்த சலுகை என்பதைவிட, ஒரே வாய்ப்பில் முடிக்க வேண்டிய பந்தயம் என்பதே பொருந்தும்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருவேன். சிபி தாள்களுக்காக மட்டும் இவ்வளவு செலவழிப்பது வீண். சிஎஸ்2, சிஎம்2 ஆகியவற்றை ஒருசேரத் தாண்ட முடிந்தால் கணக்கு ஓரளவு நேராகும். பணம் கட்டுவதற்கு முன், எந்தப் பாடத்துக்கு எந்தத் தாள், சராசரியா தனித்தனி மதிப்பெண்ணா, மறுதேர்வு செல்லுமா என்ற மூன்றையும் எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.