ஷார்ட் செல்லிங் வகுப்பில் சொல்லாமல் விட்ட ஆக்‌ஷன்

"இறங்குற மார்க்கெட்லயும் சம்பாதிக்கலாம்" என்று டெலிகிராமில் ஆள் பிடிப்பவர்களிடம் பணம் கட்டப்போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். அப்படி ஒருவரின் ஷார்ட் செல்லிங் வகுப்புக்கு நான் கொடுத்தது 7,500 ரூபாய். அப்புறம் போனது அதைவிடப் பல மடங்கு.

தொடக்கம் என்னவோ சரியாகத்தான் இருந்தது. ஷார்ட் செல்லிங் என்றால், கையில் இல்லாத பங்கை முதலில் விற்று, விலை இறங்கியதும் வாங்கிக் கணக்கை முடிப்பது; வித்தியாசம் லாபம். ரொக்கச் சந்தையில் நம்மைப் போன்றவர்கள் அன்றைக்கே முடித்தாக வேண்டும். "மறந்தாலும் பயமில்லை சார், 3:20க்கு புரோக்கர் சிஸ்டமே வாங்கி மூடிடும்" என்றார் வகுப்பு எடுத்தவர். விற்க ஆள் இருந்தால்தானே சிஸ்டம் வாங்கும்? அதை அவர் சொல்லவே இல்லை.

குழுவில் அவர் சொன்ன ஒரு சிறு நிறுவனப் பங்கை 240 ரூபாய்க்கு 500 விற்றேன். முந்தைய நாள் முடிவு விலை 230. மதியம் ஏதோ ஆர்டர் கிடைத்த செய்தி வர, பங்கு 20 சதவீதம் ஏறி 276இல் அப்பர் சர்க்யூட்டில், அதாவது அன்றைக்கு ஏறக்கூடிய உச்சவரம்பில், பூட்டிக்கொண்டது. அவர் சொல்லிக் கொடுத்தபடி போட்ட லிமிட் வகை ஸ்டாப் லாஸை (குறித்த விலைக்குள் கிடைத்தால் மட்டும் வாங்கும் நஷ்டத் தடுப்பு ஆர்டர்) தாண்டி விலை குதித்துவிட்டது. வாங்க நீண்ட வரிசை, விற்பவர் யாருமில்லை. 3:20 ஆர்டரும் அதே வரிசையின் கடைசியில் போய் நின்றது.

விற்ற பங்கை மறுநாள் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் எக்ஸ்சேஞ்ச் ஏலம் நடத்தி, அதாவது ஆக்‌ஷனில் வாங்கி, அந்த விலையை நம் தலையில் கட்டும். எனக்கு விழுந்த ஏல விலை பங்குக்கு 300 ரூபாய். பங்குக்கு 60 வீதம் 30,000 ரூபாய், அபராதம் தனி. ஆக்‌ஷனிலும் பங்கு கிடைக்காமல் போனால் இன்னும் மோசம்: ஏல நாளின் முடிவு விலைக்கு 20 சதவீதம் மேலே, அல்லது விற்ற நாளிலிருந்து வந்த உச்ச விலை, இரண்டில் எது அதிகமோ அந்த விலையில் கணக்கைத் தீர்ப்பார்கள். ஃபியூச்சர்ஸ் (பின்தேதி ஒப்பந்த வர்த்தகம்) உள்ள பங்குகளுக்கு நிலையான உச்சவரம்பு இல்லாததால் இந்தப் பொறியில் மாட்டுவது அபூர்வம். அதற்காக அங்கே நஷ்டம் வராது என்றில்லை.

கேட்டதற்கு "மார்க்கெட் ரிஸ்க்" என்று ஒரு வரி பதில், உடனே குழுவிலிருந்து நீக்கம். அவர் காட்டிய 'செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு) லைசென்ஸ்' ஏஆர்என் என்று தொடங்கியது. அது மியூச்சுவல் ஃபண்டு விற்பவர்களுக்கு அந்த நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி தரும் எண். பங்கு பரிந்துரைக்க ஐஎன்ஏ அல்லது ஐஎன்எச் என்று தொடங்கும் செபி பதிவு வேண்டும். செபி தளத்திலேயே பெயரைத் தேடிப் பார்க்கலாம், இலவசம்தான். "நான் வெறும் கல்விதான் கொடுக்கிறேன்" என்பதும் செல்லாது. கல்வி என்ற பெயரில் நடப்பு விலையைக் காட்டிப் பாடம் எடுக்கக் கூடாது, மூன்று மாதப் பழைய விலைதான் என்று செபி 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது.

2022-23இல் ரொக்கச் சந்தையில் இன்ட்ராடே (அன்றைக்கே வாங்கி விற்று முடிப்பது) செய்தவர்களில் 10 பேருக்கு 7 பேர் நஷ்டம் என்பது செபியின் ஆய்வு. அவர் வகுப்பில் காட்டியதெல்லாம் லாப ஸ்கிரீன்ஷாட்டுகள்தான்.

பணம் கட்டிய ரசீது, குழுவின் சாட், அந்த ஏஆர்என் படம் எல்லாவற்றையும் சேர்த்து செபிக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். அதே ஆள் வேறு குழுப் பெயரில் அடுத்த பேட்சுக்கு ஆள் சேர்க்கிறார். கட்டணம் இப்போது 9,999.