பெற்றோரைக் கூப்பிடுவதா, லயத்துக்குப் போவதா?

தொடர்ந்து மூன்று வாரம் பாடசாலைக்கு வராத பிள்ளைகள் ஒரு வகுப்பில் நாலைந்து பேர் இருந்தால் அதிபர் என்ன செய்வார்? இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் வழக்கமாக நடப்பது பெற்றோர் கூட்டம். கடிதம் அடித்து, பிரதி எடுத்து, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவார்கள். வராத பிள்ளையின் தாய்க்குப் போகவேண்டிய கடிதம் வந்த பிள்ளையின் பைக்குள் போய்விடுவதை யாரும் கவனிப்பதில்லை. சில அதிபர்கள் பின்னேரம் குடையை எடுத்துக்கொண்டு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் நடப்பார்கள். சிலர் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்லிவிட்டு இருந்துவிடுவார்கள். இப்போது வாட்ஸ்அப் குழுவும் சேர்ந்துகொண்டது. ஹட்டன், நுவரெலியா வலயப் பாடசாலைகளில் இவை எல்லாவற்றையும் பார்த்தவன் என்ற முறையில், எது எந்த வேலைக்கு உதவும் என்று சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் கூட்டம். வேலை நாளில் இரண்டு மணிக்குக் கூட்டம் என்றால், கொழுந்தெடுக்கும் தாய்க்கு அது அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போகிற காரியம். நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவானது. 2024 இல் அடிப்படை 1350 ஆனது. அன்றைய நாட்சம்பளத்தில் பாதியை விட்டுவிட்டுத்தான் அவள் மண்டபத்தில் வந்து உட்காரவேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து கூடுதலாக இருக்கும்போது மேலதிக கிலோவுக்கு வரும் காசும் போகும். இதை எந்தத் தாயும் அதிபரின் முகத்துக்கு நேரே சொல்லமாட்டாள். வராமல் இருந்துவிடுவாள். அதைப் பார்த்து, ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று, பாடசாலை நிகழ்வுகளைப் பதியும் சம்பவத்திரட்டில் எழுதிவைக்கும் அதிபர்கள் உண்டு.

அப்படியானால் வருகிறவர்கள் யார்? பெரும்பாலும் ஒழுங்காக வரும் பிள்ளைகளின் பெற்றோர். மற்றபடி தாய் சவூதியிலும் தகப்பன் கொழும்புக் கடையிலும் இருக்க, பேரப்பிள்ளையை வளர்க்கும் அம்மாயிமார். நேரே மலையிலிருந்து ஓடிவந்து, கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் பின் வாங்கில் உட்காரும் சில பெண்கள். கோட்டக் கல்விப் பணிப்பாளர் வரும்வரை கூட்டம் தொடங்காது. தொடங்கினால் ஒலிவாங்கி நாலு ஆண்களின் கையை விட்டு நகராது. யாருக்காகக் கூட்டம் வைத்தோமோ அவர்களின் வாயிலிருந்து ஒரு சொல் வராது. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் ஞாயிறு டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கும் நாள். தூரத்து ஊர் ஆசிரியர்களும் அன்று இருக்கமாட்டார்கள்.

இவ்வளவு சொன்னாலும் கூட்டத்தை விட்டுவிட முடியாத ஒரு விஷயம் இருக்கிறது: காசு. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பணம், கட்டட வேலை, ஒளிவிழாவுக்கோ வாணி விழாவுக்கோ சேர்க்கும் தொகை, இவை எல்லாம் சபையில் பேசி, அறிக்கைப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்க வேண்டியவை. வீடு வீடாகப் போய் ஒப்புதல் வாங்கும் அதிபர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், மறுநாள் பணிய (கீழ்) லயத்தில் வேறு கதை ஓடும். எனவே காசுக்குக் கூட்டம், பிள்ளைக்கு லயம் என்று பிரித்துக்கொள்வதுதான் என் கட்சி.

லயத்துக்குப் போவது புதிய யோசனை ஒன்றுமில்லை. 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கும் முன்பு தோட்டப் பாடசாலை தோட்ட முகாமையாளரான துரையின் கீழ் இருந்தபோது, வாத்தியார் தோட்டத்திலேயே குடியிருந்தார். சம்பளமும் கட்டடமும் மோசமாக இருந்தன. அந்தக் காலம் திரும்பவேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் லயத்தின் எந்தக் காம்பராவில் (அறையில்) எத்தனை பிள்ளை என்று அவருக்குத் தெரியும். இன்றைய அதிபர் பலருக்கு வீடு டவுனில். காலையில் வந்து ஒன்றரைக்குப் பிறகு இறங்கிவிடும் மோட்டார் சைக்கிளைத்தான் பெற்றோருக்குத் தெரியும்.

நேரில் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு பொகவந்தலாவைப் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எட்டாம் தரப் பிள்ளையொன்று ஜூன் மாதம் முழுவதும் விட்டு விட்டுத்தான் வந்தாள். கூட்டத்தில் கேட்டபோது தாய் சொன்னது, “காச்சல் சேர்.” பிறகு அதிபரும் வகுப்பு ஆசிரியையும் வீட்டுக்குப் போனார்கள். அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் வெள்ளைச் சீருடை தொங்கிக்கொண்டிருந்தது. தென்மேல் மழையில் வெளியே எதுவும் காயாது. புகையில் துணி மஞ்சளாகிவிட்டிருந்தது. இருந்ததே அந்த ஒன்றுதான். “அழுக்கா போனா முன்னால நிப்பாட்டுவாங்கனு அழுவுறா சேர்,” என்றார் தாய். காலைக் கூட்டத்தில் சீருடையைச் சோதித்து வரிசைக்கு வெளியே நிறுத்துவது அந்தப் பாடசாலையின் வழக்கம். அதிபர் அடுத்த வாரமே மழை மாதங்களில் வண்ண உடுப்புக்கு அனுமதி கொடுத்து, அந்தச் சோதனையை நிறுத்தினார். அவள் மட்டுமில்லை, இன்னும் சில பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். மண்டபத்தில் முந்நூறு பேருக்கு முன்னால் எந்தத் தாய் எழுந்து ‘எங்களிடம் ஒரே சீருடை’ என்று சொல்வாள்?

ஆனால் போகிற விதத்தில் கெடுத்துக்கொள்ளலாம். கையில் பைலும் வரவு இடாப்பும் வேண்டாம். பார்த்ததும் விசாரணை என்று நினைத்துவிடுவார்கள். அதிபர் மட்டும் தனியே போகவும் வேண்டாம். வகுப்பு ஆசிரியர் முன்னால் பேச, அதிபர் பக்கத்தில் நிற்கட்டும். நாளைக்கும் பிள்ளையோடு இருக்கப்போவது அவர்தானே. நேரம் முக்கியம். கொழுந்தை எடை போட்டு முடிந்து, வீட்டுக்கு வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டும் வரை பொறுக்கவேண்டும். ஐந்தரைக்கு முன் போனால் பாட்டியோடுதான் பேசலாம். இருட்டினால் ஆசிரியைகளுக்கு பஸ் கிடையாது, அட்டைக்கடி வேறு. ஆகவே ஒரு பின்னேரத்துக்கு மூன்று வீடு, அதற்கு மேல் வேண்டாம். பத்தாம் திகதிச் சம்பளத்தை அடுத்த இரண்டு பின்னேரமும் தகப்பன்மாரிடம் பேசுவதற்கு ஏற்றவை இல்லை. காரணத்தை விளக்கத் தேவையில்லை.

தேத்தண்ணீர் விஷயத்தையும் சொல்லவேண்டும். சிறியதாகத் தெரியும், ஆனால் லயமே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு காம்பராவில் குடித்துவிட்டு அடுத்ததில் ‘இப்பதான் குடிச்சேன்’ என்று மறுத்தால், அதற்குச் சாதிக் கணக்கு ஒன்று அன்று இரவே போடப்படும். எல்லா வீட்டிலும் ஒரு வாய் வாங்கிக் குடியுங்கள். முடியாவிட்டால் எல்லா வீட்டிலும் வெறும் தண்ணீர்.

லயத்துக்குப் போவதன் குறை, அது ஆளைத் தின்னும் என்பது. ஐந்தாம் தரம் வரையுள்ள மூன்றாம் வகைப் பாடசாலையில் எண்பது பிள்ளைகள் என்றால் அதிபரே ஒரு தவணையில் எல்லா வீட்டையும் பார்த்துவிடலாம். உயர்தர விஞ்ஞானப் பிரிவுவரை உள்ள 1ஏபி பாடசாலையில் ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள், ஏழெட்டுத் தோட்டங்கள். அங்கே வகுப்பு ஆசிரியர்கள்தான் போகவேண்டும். அவர்கள் போயும் அசையாத வீடுகளுக்கு மட்டும் அதிபர். இதில் 2014, 2015 காலத்தில் ஆசிரிய உதவியாளர்களாக வந்தவர்கள் பெரிய பலம். மாதம் 6000 ரூபா கொடுப்பனவில் தொடங்கி, பிறகு 10,000 வாங்கி, பயிற்சி முடித்து நிரந்தரமாவதற்கு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள். லயத்துப் பேச்சும் நேரமும் அவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். அவரவர் பிறந்த தோட்டத்துக்கே அவரவரை அனுப்பாதீர்கள். மாமன் மச்சான் தகராறும் பழைய கோயில் கமிட்டிச் சண்டையும் குறுக்கே வரும்.

தலைவர் மூலம் சொல்லி அனுப்புவது சுலபம், சில நேரம் வேகமும்கூட. நீர்க்குழாய் உடைந்தாலோ, பாதை வெட்ட ஆள் வேண்டுமென்றாலோ அவர்தான் சரி. பிள்ளை விஷயத்துக்கு வேண்டாம் என்பேன். ஒரே லயத்தில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்காரரும் தொழிலாளர் தேசியச் சங்கக்காரரும் அடுத்தடுத்த காம்பராவில் இருப்பார்கள். ஒரு சங்கத் தலைவரோடு அதிபர் வாசலில் நின்றால், மற்றச் சங்கத்து வீட்டுக் கதவு பாதிதான் திறக்கும். மாதர் சங்கத் தலைவியோ பிள்ளைக்காம்பராவை (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தை) பார்த்துக்கொள்ளும் அம்மாவோ பரவாயில்லை. எந்தத் தாய் வேலைக்குப் போனாள், எந்த மூத்த பிள்ளை தம்பியைப் பார்க்க வீட்டில் நின்றது என்று அவர்களுக்குத் தெரியும். தகவலுக்கு அவர்களைக் கேளுங்கள், தூதுக்கு அனுப்பாதீர்கள்.

வாட்ஸ்அப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பள்ளத்து லயங்களில் சிக்னல் கிடைக்காது, போன் பல வீடுகளில் கொழும்பிலிருக்கும் தகப்பனின் கையில். நாளைக்கு விடுமுறை, பரீட்சை நேரம் போன்ற அறிவிப்புக்கு நல்லது. எழுதுவதைவிடக் குரல் பதிவாக அனுப்பினால் கேட்பார்கள். ‘உங்கள் பிள்ளை வரவில்லை’ என்பதைக் குழுவில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஊர் முழுக்கத் தண்டோரா போட்டதாகிவிடும்.

கடைசி வழி அதிகாரம். கட்டாயக் கல்வி வயதெல்லை 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. கிராம அலுவலர், சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலர், நன்னடத்தை அலுவலர் என்று போகலாம். பிள்ளையை வீட்டு வேலைக்கோ கடைக்கோ அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் அங்கேதான் போகவேண்டும். மற்ற வீடுகளில் இதைப் பயமுறுத்தலாகக் கூடச் சொல்லாதீர்கள். ஒருமுறை அப்படிச் சொன்ன அதிபரிடம் அந்த வீட்டார் பிறகு உண்மை பேசமாட்டார்கள்.

புதிதாகப் பொறுப்பேற்ற அதிபர் ஒருவர் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், கடந்த வருட இடாப்பை எடுத்து, வராத நாட்களைப் பிள்ளை வாரியாகப் பார்க்காமல் லயம் வாரியாகப் போட்டுப் பாருங்கள் என்பேன். அநேகமாக இரண்டு மூன்று லயங்கள் தனியாகத் தெரியும். பாதை அறுந்ததாக இருக்கலாம், மழைக்கு ஆறு பெருகும் இடமாக இருக்கலாம், மாசியில் காமன் கூத்துக்கு இரவெல்லாம் விழிக்கும் லயமாகவும் இருக்கலாம். முதல் மாதம் அந்த லயங்களுக்கு மட்டும் போங்கள். திரும்பி வந்ததும் சம்பவத்திரட்டில் மூன்று வரி எழுதுங்கள்: யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள், பாடசாலை எதை மாற்றவேண்டும். மூன்றாவது வரி காலியாக இருந்தால் அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை போகவேண்டியிருக்கும்.