வார்ப்பிரும்பா, ஸ்டீலா, நான்ஸ்டிக்கா: ஒரே ஒரு வாணலி வாங்குவதென்றால்

ஆர்வமாகச் சமைப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து "இன்று என்ன செய்தோம்" என்று பேச ஆரம்பித்தால், பேச்சு எப்படியும் பாத்திரத்தில் வந்து நிற்கும். முறுகலான மீன் தோலையும் ஒட்டாமல் வழுக்கி வரும் முட்டையையும் படத்தில் பார்த்தவுடன், செய்முறையைக் கேட்பதற்கு முன்னாலேயே "எந்த வாணலி?" என்று கேட்கிறார்கள். என் பழைய நான்ஸ்டிக் பூச்சு உரிந்து போனபோது மூன்றையும் அலசிவிட்டு வார்ப்பிரும்பை வாங்கினேன். ஸ்டீலும் வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே இதில் நான் நடுவர் இல்லை, கட்சிக்காரன்.

நான்ஸ்டிக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். முட்டைக்கு அதை அடிக்க ஆளில்லை. எடை குறைவு, எண்ணெய் குறைவு, கழுவுவது நிமிட வேலை. பூச்சாகப் பயன்படும் பிடிஎஃப்இ என்ற பொருள் 1938-ல் ஒரு ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்தது. 1950-களில் வாணலிக்கு வந்தது. சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் மெல்லச் சிதையத் தொடங்கும். வெறும் வாணலியைப் பெரிய தீயில் விட்டுவிட்டால் அந்தச் சூடு சில நிமிடங்களில் வந்துவிடும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் கிளம்பும் புகை கூண்டுப் பறவைகளைக் கொல்லக்கூடியது, ஆகவே கிளி வளர்ப்பவர்கள் இதை ஒதுக்குவதில் அர்த்தம் இருக்கிறது. நான்ஸ்டிக்கால் புற்றுநோய் வரும் என்ற பேச்சு வேறு கதை. அது பூச்சைப் பற்றியதைவிட, முன்பு அதைத் தயாரிக்கும்போது சேர்த்த பிஎஃப்ஓஏ என்ற துணைப்பொருளைப் பற்றியது. 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் அது ஏறிவிட்டது. இப்போதைய நல்ல வாணலிகளை அது இல்லாமல்தான் செய்கிறார்கள். பயமுறுத்துவது என் நோக்கமில்லை, என் குறை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்டீல் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் என்றால் சூடு பரவாது, தீ பட்ட இடத்தில் கருகி ஓரத்தில் பச்சையாக நிற்கும். அதனால்தான் நடுவில் அலுமினியம் வைத்த மூன்றடுக்கு வாணலி வந்தது. வாங்கினால் அதையே வாங்குங்கள். அடியில் மட்டும் தகடு ஒட்டியது பக்கச் சுவர்களில் ஏமாற்றிவிடும். தக்காளி, எலுமிச்சை, வினிகர், எதைப் போட்டாலும் கவலையில்லை. வதக்கிய பிறகு அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்டினால் அதுவே குழம்புக்கு அடித்தளம். இந்த ஒரு விஷயத்தில் ஸ்டீலுக்கு ஈடு இல்லை.

ஆனால் அதில் ஒட்டாமல் சமைக்கச் சூட்டின் பக்குவம் பிடிபட வேண்டும். வெறும் வாணலியைக் காயவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று ஆவியாகிப் போனால் இன்னும் காயவில்லை. சொட்டு உடையாமல் பாதரசம் மாதிரி உருண்டு ஓடினால், அப்போது எண்ணெய். தண்ணீருக்கும் உலோகத்துக்கும் நடுவே ஆவி ஒரு மெத்தை விரிப்பதால் இப்படி நடக்கிறது. லெய்டன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756-லேயே இதை விவரித்திருக்கிறார். அந்தச் சூடு முட்டைக்கு அதிகம் என்பதால் எண்ணெய் விட்டபின் தீயைக் குறைத்துச் சூட்டை இறக்க வேண்டும். அவசரமான காலையில் இத்தனையும் செய்ய எனக்குப் பொறுமை கிடையாது.

சரி, வார்ப்பிரும்பு. அது சூட்டைச் சமமாகப் பரப்பும் என்று பலரும் சொல்கிறார்கள், தவறு. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் இரும்பில் நடுவில் மட்டும் கொதிக்கும். மிதமான தீயில் ஐந்து, பத்து நிமிடம் காயவிட்டு, இடையில் இரண்டு முறை வாணலியைச் சுற்றித் திருப்பி வைக்க வேண்டும். அதன் பலம் சூட்டைப் பிடித்து வைப்பதில் இருக்கிறது. ஈரம் துடைத்த மீன் துண்டைப் போட்டால் மெல்லிய வாணலி சட்டென்று சூடு இறங்கி, மீன் தன் தண்ணீரிலேயே வேகும். கனத்த இரும்பு அசராது. பொன்னிறமும் மணமும் வேகமாகக் கூடிவர மேற்பரப்பு 140 டிகிரிக்கு மேல் நிற்க வேண்டும், ஈரம் இருக்கும்வரை அது 100-ஐத் தாண்டாது. படத்தில் பார்த்துப் பெருமூச்சு விடும் அந்த முறுகல் இப்படி வருவதுதான்.

அப்புறம் பழக்குவது. இதைப் பற்றி எல்லாரும் ஏதோ சடங்கு மாதிரி பேசுகிறார்கள், விஷயம் எளிது. எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசிச் சூடாக்கினால், அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி இரும்போடு இறுகிய படலமாகின்றன. எண்ணெய் வண்ண ஓவியம் காய்வதும் கிட்டத்தட்ட இதே வேதியியல்தான். ஆகவே வாணலி முழுக்க எண்ணெய் தடவிவிட்டு, தெரியாமல் தடவிவிட்டதைப் போல அத்தனையையும் துணியால் துடைத்து எடுங்கள். துடைத்த பிறகும் ஒட்டியிருப்பதே போதும். ஓவனில் கவிழ்த்து வைத்து 230 முதல் 250 டிகிரியில் ஒரு மணி நேரம், உள்ளேயே ஆறவிட வேண்டும். இதை மூன்று நான்கு முறை. ஓவன் இல்லாவிட்டால் அடுப்பிலேயே புகை கிளம்பி அடங்கும்வரை காய்ச்சலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். எண்ணெய் கூடினால் படலத்துக்குப் பதில் பிசுக்குத்தான் மிஞ்சும். தொட்டால் விரல் ஒட்டும். நிறைவுறாக் கொழுப்பு அதிகமுள்ள எண்ணெய்கள் இதற்கு நன்றாக வரும். ஆளிவிதை எண்ணெயைப் பலர் புகழ்கிறார்கள், ஆனால் அதன் படலம் செதில் செதிலாக உரிவதும் உண்டு.

தினசரி வேலை இதைவிடக் குறைவு. சமைத்து முடித்ததும் இளஞ்சூட்டிலேயே வெந்நீர் விட்டுத் தேய்த்து, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய். சோப்பு போடவே கூடாது என்பது காரச் சோப்பு காலத்துப் பழக்கம். இன்றைய பாத்திர சோப்பு இறுகிய படலத்தை ஒன்றும் செய்யாது. ஊறவைப்பதுதான் ஆகாது.

என்னை இரும்பின் பக்கம் சாய்த்தது இந்த இடம். பராமரிப்பு என்றால் எது குறைவாக வேலை வாங்குகிறது என்றே எல்லாரும் பார்க்கிறார்கள். கெட்டுப்போனால் என் கையால் சரிசெய்ய முடியுமா என்று நான் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்த அத்தை, உதவுகிறேன் பேர்வழி என்று இரும்பு வாணலியில் தண்ணீரை நிரப்பி இரவு முழுக்கத் தொட்டியில் விட்டுவிட்டார். காலையில் ஆரஞ்சு நிறத் துரு. "ஐயையோ, போச்சா?" என்று பதறினார். "ஒண்ணும் ஆகலை அத்தை, நீங்க காபி குடிங்க" என்றேன். இரும்பு நாரால் தேய்த்து, பிடிவாதமாக நின்ற இடத்தில் பாதி வினிகர் பாதி தண்ணீர் கலந்து அரை மணி நேரத்துக்குள் கழுவி, காயவைத்து மறுபடி பழக்கினேன். மாலையில் அதில் முட்டை பொரித்தோம். ஓரம் மட்டும் லேசாக ஒட்டியது, அடுத்த வாரத்துக்குள் அதுவும் நின்றுவிட்டது.

நான்ஸ்டிக்கில் ஒரு கரண்டிக் கீறல் விழுந்தால் அது கீறல்தான். வீட்டில் பூச முடியாது. எவ்வளவு பொத்திப் பொத்தி வைத்தாலும் சில வருடங்களில் தேய்ந்து குப்பைக்குப் போகும். முதல் நாள்தான் அதன் சிறந்த நாள். ஸ்டீலை மீட்கலாம். கருகினால் சமையல் சோடா போட்டுக் கொதிக்கவிட வேண்டும், வானவில் கறைக்கு வினிகர் போதும். ஆனால் புதியதில் எவ்வளவு ஒட்டுமோ பத்து வருடம் கழித்தும் அவ்வளவே ஒட்டும். சமைக்கச் சமைக்க மேம்படுவது மூன்றில் இரும்பு மட்டுமே.

இதற்காக இரும்பு அழியாதது என்று சொல்ல வரவில்லை. தரையில் விழுந்தால் உடையும், கொதிக்கும் வாணலியில் குளிர்ந்த நீர் விட்டால் விரிசல் விடலாம். அந்த விரிசலுக்கு வீட்டில் மருந்து இல்லை. தக்காளியை நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் படலம் கரைந்து உணவில் உலோகச் சுவை ஏறும். இரும்புச்சத்தும் கொஞ்சம் உணவில் சேரும், புளிப்பு கூடக் கூட அதிகமாக. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவர்களுக்கு அது நல்லது, உடலில் இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. மீன் வாசம் அடுத்த முட்டையில் தலைகாட்டும். வெறும் வாணலியைக் கொஞ்ச நேரம் காய்ச்சினால் போய்விடும்.

நான் சமைப்பது பெரும்பாலும் கேஸ் அடுப்பில். இண்டக்‌ஷனில் இரும்பைக் கொஞ்சமே பழகியிருக்கிறேன். மெதுவாகச் சூடேற்றினால் தொந்தரவில்லை என்பது வரைதான் என் அனுபவம். செராமிக் பூச்சு வாணலியை ஒரு நண்பர் வீட்டில் மட்டும் பார்த்தேன். அதன் வழுக்கல் சீக்கிரம் போய்விட்டதாக அவர் சொன்னார், ஒருவர் சொன்னதை வைத்து நான் தீர்ப்பு எழுத மாட்டேன்.

மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு வார்ப்பிரும்பு வேண்டாம். கார்பன் ஸ்டீல் என்ற தகட்டு இரும்பு வாணலி பாருங்கள். அதையும் இதே மாதிரிதான் பழக்க வேண்டும். மெல்லிய தகடு என்பதால் எடை கணிசமாகக் குறையும், சூட்டைப் பிடித்து வைப்பதும் கொஞ்சம் குறையும். வார்ப்பிரும்பே என்று முடிவு செய்தவர்கள் கடையில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். உள்பரப்பைக் கையால் தடவி, சொரசொரப்பு குறைவானதை எடுங்கள். பிடிக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு சின்னக் கைப்பிடி இருக்கிறதா என்றும் பாருங்கள். குழம்போடு தூக்கும்போது அது இல்லாமல் முடியாது.